கொல்லைக்கதவில் தொடங்குங்கள்: டெல்டா கிராமத்து வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவருக்கு நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் பழைய ஓட்டுவீடு. தெருவில் திண்ணை, பின்னால் கொல்லை, அதற்கும் பின்னால் வாய்க்கால். வீட்டில் எழுபதைத் தாண்டிய அப்பாவும் அம்மாவும் மட்டும். கும்பகோணத்துக் கடைக்காரர் ஒருவர், எட்டு மெகாபிக்சல் கேமரா எட்டும் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் போட்டுத் தருவதாக விலை எழுதி அனுப்பியிருக்கிறார். நண்பர்களோ, ஆன்லைனில் நான்கு வைஃபை கேமரா வாங்கி மாட்டினால் போதும் என்கிறார்கள். எதைச் செய்வது? பூஜை அறையில் தாத்தா காலத்துச் செப்புச்சிலை ஒன்றும் இருக்கிறதாம்; அதற்கும் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் கேமராவை மறந்துவிட்டு வீட்டைப் பாருங்கள். நம் பக்கத்துத் தெருவீடுகளில் திருடன் வாசல் வழியாக வருவது அபூர்வம். வாசலில் தெருவிளக்கு இருக்கிறது, எதிர்த்திண்ணையில் தூக்கம் வராத பெரியவர் ஒருவர் படுத்திருக்கிறார். வருகிறவன் வாய்க்கால் கரையோடு நடந்து கொல்லைக்குள் நுழைகிறான்; அல்லது மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஏறி, ஓட்டைப் பிரித்தோ முற்றத்து வழியாகவோ உள்ளே இறங்குகிறான். ஆகவே முதல் செலவு முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை. இரண்டாவது, கொல்லைக்கதவுக்கு உள்பக்கம் குறுக்குக் கட்டை. பல வீடுகளில் வாசலுக்குத் தேக்குக் கதவும் பித்தளைக் குமிழும் இருக்கும். கொல்லைக்கதவோ கரையான் அரித்து, ஒரு கொக்கியில் தொங்கும். அந்தக் கதவை அப்படியே விட்டுவிட்டு எட்டு கேமரா மாட்டினால், திருட்டு நடப்பதை எட்டுக் கோணத்தில் பார்க்கலாம். அவ்வளவுதான்.

அது முடிந்ததும் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு கேள்வியை எழுதிக் கொள்ளுங்கள். "வாசலில் வந்து நின்றவர் யார்?" என்பது ஒரு கேள்வி. "கொல்லையில் ஆள் நடமாட்டம் உண்டா?" என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு முகம் தெரிய வேண்டும். இரண்டாவதற்கு உருவம் தெரிந்தால் போதும், ஆனால் உடனே தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அகலக் கோணக் கேமராவை எட்டு மூலையில் மாட்டுவது கடைக்காரருக்குச் சுலபம். உங்கள் கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது.

இதற்குக் கணக்கே இருக்கிறது. ஐஇசி 62676 என்ற சர்வதேசத் தரத்தின்படி, முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை ஐயமில்லாமல் அடையாளம் காட்ட, படத்தின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு 250 பிக்சல் விழ வேண்டும். ஏற்கெனவே பழகிய ஆளை இன்னார் என்று சொல்ல 125 போதும். ஏதோ ஆள் இருக்கிறது என்று அறிய 25 போதும். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 2.8 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய நூறு பாகை அகலத்துக்குப் பார்க்கும். அந்த லென்ஸோடு நான்கு மெகாபிக்சல் கேமரா பதினான்கு அடி தூரம் வரைதான் முகத்தை அடையாளம் காட்டும். எட்டு மெகாபிக்சலுக்குப் போனால் அது இருபத்தோரு அடியாகும். அதே நான்கு மெகாபிக்சல் கேமராவில் லென்ஸை மட்டும் 6 மி.மீ. ஆக்கிப் பாருங்கள், முப்பத்தைந்து அடி வரை முகம் பிடிபடும்; அகலம் குறையும், பரவாயில்லை, வாசற்படி எங்கும் நகர்ந்து போய்விடாது. மெகாபிக்சலுக்குக் கொடுக்கும் பணத்தைவிட லென்ஸை யோசித்துத் தேர்வு செய்வது அதிகப் பலன் தரும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். தவிர, அதே அளவு சென்சாரில் பிக்சலை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைகிறது. பகலில் விளம்பரப் படம் போலத் தெரிவது இரவில் புகைமூட்டமாகிவிடும். திருடன் வருவது இரவில்.

ஹார்ட் டிஸ்க் கணக்கையும் போட்டுவிடுவோம். எட்டு மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 8 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு ஒரு கேமராவுக்கு 86 ஜிகாபைட். எட்டு கேமராவுக்கு 690 ஜிகாபைட்டுக்கு மேல். உங்களுக்குச் சொல்லப்பட்ட 2 டெராபைட் வட்டு மூன்று நாள்கூடத் தாங்காது. நான்காம் நாளில், முதலாம் நாள் பதிவு அழிந்துவிடும். அப்பாவும் அம்மாவும் ஒரு வாரம் திருப்பதி போய்த் திரும்பி வந்து பார்க்கையில், பூட்டை உடைத்த ராத்திரி அதில் இருக்காது. நான்கு மெகாபிக்சல் கேமரா நான்கு, நொடிக்கு 3 மெகாபிட் வீதம், ஹெச்.265 என்ற படச் சுருக்க முறையில் பதிவு செய்தால் அதே வட்டில் பதினைந்து நாள் நிற்கும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு என்று வைத்தால் இன்னும் கூடும். நான் வைக்கச் சொல்வது 4 டெராபைட். ஒரு மாதம் கவலையில்லை. வட்டு கண்காணிப்புக்கென்றே செய்ததாக இருக்கட்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் இரண்டும் அந்த வகை. கணினியில் போடும் சாதாரண வட்டு, இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஆக நான்கு கேமரா. பதிவுக் கருவியை மட்டும் எட்டு வழி உள்ளதாக வாங்கிக் கொள்ளுங்கள். பின்னால் சேர்க்க இடம் இருக்கும்.

முதலாவது வாசலுக்கு, முகம் பார்க்க. இதைப் பன்னிரண்டு அடி உயரத்தில் மாட்டினால் தலையுச்சியும் துண்டும்தான் பதிவாகும். ஏழிலிருந்து எட்டு அடி உயரம் சரி. நம் வீடுகளில் இன்னொரு சிக்கல்: நடையும் ரேழியும் இருட்டு, தெருவோ வெயிலில் கண்ணைப் பறிக்கும். உள்ளேயிருந்து வெளியே பார்க்கும் கேமராவில், வாசற்படியில் நிற்பவர் கறுப்பு நிழலாகத் தெரிவார். இதைச் சரி செய்ய டபிள்யூடிஆர் என்ற வசதி உண்டு. வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களைச் சேர்த்து, இருட்டையும் வெளிச்சத்தையும் ஒன்றாகக் காட்டும். பட்டியலில் "120 டெசிபல்" என்று எழுதியிருந்தால் உண்மையான டபிள்யூடிஆர் என்று கொள்ளலாம். "டிஜிட்டல் டபிள்யூடிஆர்" என்றால் வெறும் மென்பொருள் ஒப்பனை. வாசலுக்கு அது உதவாது.

இரண்டாவது, திண்ணையின் ஓரத்திலிருந்து வாசலையும் நிறுத்தியிருக்கும் வண்டியையும் பார்ப்பது. மூன்றாவது கொல்லைக்கதவின் மேலிருந்து கொல்லையைப் பார்ப்பது. நான்காவது மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து வீட்டின் பின்புறத்தையும் ஓட்டுக்கூரையின் சரிவையும் பார்ப்பது. மூன்றும் நான்கும் ஒன்றையொன்று பார்த்துக் கொள்ளும்படி வையுங்கள். ஒன்றின் மேல் துணி போட வருபவன் இன்னொன்றில் விழுவான்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான பேச்சு. கொல்லை என்றால் கிணற்றடி, குளிக்கும் இடம், துணி காயப் போடும் கொடி. உங்கள் அம்மா அங்கே எப்படிப் புழங்குவார் என்பதை உங்களைவிட அவர்தான் அறிவார். கேமரா எதைப் பார்க்கும் என்பதை மாட்டுவதற்கு முன் அவருக்குக் கைபேசியில் காட்டி, அவர் சரி என்ற பிறகே துளை போடச் சொல்லுங்கள். கிணற்றடியும் பக்கத்து வீட்டுக் கொல்லையும் படத்தில் விழுந்தால், அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டமாக மறைக்கும் வசதி எல்லா நல்ல கேமராவிலும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமில்லாமல் படம் பிடிப்பது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ பெறக்கூடிய குற்றம். சட்டம் வரை போக வேண்டியதே இல்லை. வேலித் தகராறு மூன்று தலைமுறைக்கு நீளும் ஊர் நம்முடையது.

கூடத்தில் கேமரா வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மனதில் இருக்கும். பெரியவர்கள் கீழே விழுந்தால் தெரிய வேண்டுமே என்ற பயம் நியாயமானது. ஆனாலும் மகன் எந்நேரமும் பார்க்கிறான் என்ற நினைப்போடு தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது சுகமான காரியம் இல்லை. சில பெரியவர்கள் கேமராவின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விழுந்தால் அழுத்துவதற்குக் கழுத்தில் மாட்டும் அழைப்புப் பொத்தானும், காலையும் மாலையும் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு ஆளும் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும்.

இனி வைஃபை கேமரா. அது கெட்ட பொருள் அல்ல. சென்னை அடுக்குமாடி வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும். உங்கள் வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்து ஒன்றரை அடிக் கனம். கூடத்தில் ரூட்டரை வைத்தால் சிக்னல் அடுக்களையைத் தாண்டாது. பெரும்பாலான வைஃபை கேமராக்களில் பதிவு அந்தக் கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டில் இருக்கும். கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் சேர்ந்து போய்விடும். அதற்கும் கரண்ட் ஒயர் இழுத்தாக வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்தால், ஒயர் இல்லாதது என்ற சௌகரியமும் பாதிதான்.

ஒயர் இழுப்பதென்று ஆன பிறகு எந்த ஒயர் என்பதுதான் கேள்வி. ஊரில் வழக்கமாகப் போடுவது டிவிஆர் என்ற பதிவுக் கருவியும், படத்துக்கும் மின்சாரத்துக்கும் தனித்தனிக் கம்பி உள்ள 3+1 கேபிளும். விலை மலிவு, பழுது பார்க்க ஆள் கிடைப்பார். சின்ன வீட்டுக்கு அது போதும். ஆனால் தெருவிலிருந்து மாட்டுக்கொட்டகை வரை இருநூறு அடி ஓடும் வீட்டில் ஒரு வேடிக்கை நடக்கும்: பகலில் கேமரா நன்றாக ஓடும், இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். மெக்கானிக் காலையில் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். காரணம், இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் கேமரா அதிக மின்சாரம் இழுக்கிறது. மெல்லிய கம்பியில் அவ்வளவு தூரம் ஓடி வந்த 12 வோல்ட், கேமராவைச் சேருமுன் பத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கேமராவை மாற்றுவார்கள், கனெக்டரை மாற்றுவார்கள், நோய் தீராது.

ஆகவே உங்கள் வீட்டுக்கு என் பரிந்துரை நெட்வொர்க் கேமராவும் அதற்கான பதிவுக் கருவியான என்விஆரும், பிஓஇ முறையில். ஒரே கேபிளில் படமும் மின்சாரமும் போகும். அனுப்பும் அழுத்தம் 48 வோல்ட் அளவில் இருப்பதால் 100 மீட்டர் வரை கவலையில்லை. கேபிள், கேட்6 என்ற நெட்வொர்க் வகையாக இருக்கட்டும். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரு துண்டின் முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். எல்லா ஒயரும் பிவிசி குழாய்க்குள் போக வேண்டும். பரணில் எலி, ஓட்டின் மேல் அணில், கொல்லையில் பெருச்சாளி. இவற்றில் ஏதாவது ஒன்று கடித்தே தீரும்.

மழையைப் பற்றி விற்பவர்கள் சொல்வது ஒன்று, ஐப்பசியில் நடப்பது வேறு. கேமராவின் மேல் ஐபி 67 என்று போட்டிருக்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று அதற்குப் பொருள். அது கேமரா உடம்புக்குத்தான். வாலாகத் தொங்கும் இணைப்புக்கு அல்ல. வடகிழக்குப் பருவமழையில் சாகும் கேமராக்களில் பெரும்பாலானவை அந்த இணைப்பில் தண்ணீர் இறங்கிச் சாகின்றன. ஒவ்வொரு கேமராவுக்கும் பின்னால் ஒரு சிறு பெட்டி வைத்து, இணைப்பை அதற்குள் அடக்கச் சொல்லுங்கள். ஒயர் பெட்டிக்குள் கீழிருந்து மேலாக நுழைய வேண்டும். நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். கடைக்காரர் இதற்கு முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். உங்கள் ஊர் உள்ளே இருக்கிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கமென்றால் உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத திருகாணிகளும் கேட்டிருப்பேன்.

பூச்சி. இதை எந்த விளம்பரமும் சொல்லாது. சம்பாப் பயிர் நிற்கும் மாதங்களில், தீபாவளியை ஒட்டி, வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் விளக்குக்குக் கூட்டமாக வருவது உங்களுக்கு நினைவிருக்கும். சோற்றுத் தட்டை மூடிக்கொண்டு சாப்பிட்ட ராத்திரிகள். இப்போது "இரவிலும் வண்ணப்படம்" என்று விற்கும் கேமராக்களில், லென்ஸுக்குப் பக்கத்திலேயே வெள்ளை விளக்கு இருக்கிறது. நம் ஊரில் அது பூச்சிக்கு வைக்கும் விளக்குப் பொறியாகிவிடும். பூச்சி வந்தால் பல்லி வரும், சிலந்தி வந்து லென்ஸின் குறுக்கே வலை கட்டும், ஒவ்வொரு பூச்சிக்கும் உங்கள் கைபேசி சிங்கப்பூரில் கூவும். மூன்றாம் நாள் அறிவிப்பை அணைத்துவிடுவீர்கள். அதன் பிறகு உண்மையாகவே ஆள் வந்தாலும் தெரியாது. கொல்லைக்கு அகச்சிவப்புக் கேமராவே சரி. வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரு எல்இடி விளக்கைக் கேமராவிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போடுங்கள். பூச்சி அங்கே போகட்டும். கண்ணாடிக் குமிழ் மூடிய கேமரா வேண்டாம். குமிழில் தூசியும் மழைத்துளியும் படிந்தால் தன் ஒளியே திரும்பி வந்து படத்தை வெள்ளையாக்கிவிடும். விளக்கும் லென்ஸும் தனித்தனிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும், டரட் எனப்படும் உருண்டை வகை கேமரா நல்லது. மனித உருவத்தை மட்டும் பிரித்து அறிவிக்கும் வசதி கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் கன்றுக்குட்டியும் தென்னை மட்டையின் நிழலும் விடியும் வரை உங்களை எழுப்பும்.

யாராவது மாதம் ஒருமுறை ஒட்டடைக் கோலில் மெல்லிய துணி சுற்றி லென்ஸைத் துடைக்க வேண்டும். அந்த ஆள் யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். அப்பா ஏணியில் ஏறக் கூடாது. கேமராவை எட்டடி உயரத்தில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாக் கேமராவையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டச் சொல்லுங்கள். லென்ஸில் தெறித்த சுண்ணாம்பு காய்ந்துவிட்டால் தேய்க்கத் தேய்க்கக் கீறல்தான் மிஞ்சும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. நான்கு கேமரா, என்விஆர், ரூட்டர் எல்லாம் சேர்ந்து ஐம்பது வாட்டுக்குள் அடங்கும். வீட்டில் 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தால், வேறு எதையும் போடாமல் ஒரு பகலும் இரவின் பெரும்பகுதியும் ஓட்டலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையெல்லாம் பொருட்டே இல்லை. பலர் கேமராவை இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டு ரூட்டரை மறந்துவிடுகிறார்கள். கரண்ட் போனதும் பதிவு நடக்கும், உங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்த பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, கைபேசி கோபுரமும் வேலை செய்யவில்லை. அப்படிப்பட்ட நாளுக்கு எந்தக் கேமராவும் உதவாது. பக்கத்து வீட்டுத் தொலைபேசி எண்கள் நாலைந்தைக் காகிதத்தில் எழுதி வைத்திருங்கள்.

இடி அதைவிட அடிக்கடி வருவது. கொல்லை வரை நீண்ட செம்புக் கம்பி, பக்கத்தில் எங்கோ விழும் மின்னலின் அதிர்ச்சியை அப்படியே வாங்கி என்விஆரில் கொண்டுவந்து சேர்க்கும். பழைய வீடுகளில் எர்த் குழி இருக்கும், ஆனால் கம்பி எப்போதோ அறுந்திருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து அதைச் சோதித்துவிட்டு, கொல்லைக் கேபிள்களுக்கு மின்னெழுச்சித் தடுப்பான் போடுங்கள். வயலில் உள்ள மோட்டார் கொட்டகையில் ஒயர் திருட்டுக்கு அஞ்சி அங்கேயும் கேமரா வைக்க நினைத்தால், வீட்டிலிருந்து செம்பு இழுக்க வேண்டாம்; சூரியத் தகடும் சிம் கார்டும் உள்ள தனிக் கேமரா அதற்குப் பொருத்தம்.

சிங்கப்பூரிலிருந்து பார்ப்பது சுலபம். ஊரில் இப்போது ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. கைபேசியில் பார்க்கும் சிறிய அளவுப் படத்துக்கு நொடிக்கு அரை மெகாபிட் போதும், ஒரு மணி நேரம் பார்த்தால் 225 மெகாபைட். நிறுவனத்தின் செயலி வழியாகவே பாருங்கள். வெளியிலிருந்து நேரே நுழைய ரூட்டரில் போர்ட் திறந்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே இணையத்தின் பெரிய தளங்களை முடக்கியது. அதில் சிக்கியவற்றில் பல உங்களுடையதைப் போன்ற கருவிகளே. இந்திய அரசும் 2025 ஏப்ரல் முதல், பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களைத்தான் விற்கலாம் என்று விதித்திருக்கிறது. பழைய இருப்பை மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் மாடல் எண்ணைக் கேட்டு, சான்றிதழைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு உண்மையான ஆபத்து எங்கோ இருக்கும் அந்நியன் அல்ல. மாட்டித் தரும் பையன், கருவியைத் தன் கைபேசிக் கணக்கில் பதிவு செய்துவிட்டு, உங்களுக்குப் "பகிர்ந்து" விடுவான். சட்டப்படி உங்கள் வீடு, செயலியின்படி அவன் வீடு. கெட்ட எண்ணத்தில் அல்ல; பத்து வீட்டுக்கு ஒரே கடவுச்சொல் போட்டால் நினைவு வைக்கச் சுலபம் என்பதால்தான். முதல் பதிவே உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கண்முன் நடக்க வேண்டும். காணொளி அழைப்பில் இருந்துகொண்டே கடவுச்சொல்லை நீங்களே மாற்றிவிடுங்கள். அப்பாவுக்குப் பார்க்க மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்கு. கருவியின் கடிகாரம் இணைய நேரத்தோடு தானாகச் சேரும்படி, இந்திய நேரம் 5.30 என்று இருக்கட்டும். உங்கள் கைபேசி இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. செயலி எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளாவிட்டால், காவல் நிலையத்தில் தப்பான நேரத்தைச் சொல்லிவிடுவீர்கள்.

என்விஆரைத் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்காதீர்கள். "கேமராவின் ஹார்ட் டிஸ்க்கையும் திருடர்கள் எடுத்துச் சென்றனர்" என்ற வரி இல்லாமல் நம் செய்தித்தாள்களில் திருட்டுச் செய்தி வருவதே குறைவு. காற்றோட்டமுள்ள பரணில், பழைய பாத்திரங்களுக்கு நடுவே இருக்கட்டும். வாசல் கேமராவிலும் கொல்லைக் கேமராவிலும் கூடுதலாக ஒரு மெமரி கார்டு போட்டுவிட்டால் இரண்டாவது பிரதி கிடைக்கும்.

ஏதாவது நடந்துவிட்டால், முதலில் அந்த நேரத்துப் பதிவைப் பென் டிரைவில் எடுத்துக் கொள்ளுங்கள். நாள் போனால் அதன் மேலேயே புதியது எழுதப்படும். வட்டைக் கழற்றவோ அழிக்கவோ வேண்டாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் பிரதியை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். கருவி யாருடையது, எப்படி எடுக்கப்பட்டது என்ற விவரமெல்லாம் அதில் வரும். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் அப்போது உதவும்.

கடைசியாகச் செப்புச்சிலை. அதற்குக் கேமராவைவிடப் புகைப்படம் பெரிய காவல். ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடு போன நடராஜர் ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடம் வரை போய் 2014இல் திரும்பி வந்ததில், எந்தக் கண்காணிப்புக் கேமராவுக்கும் பங்கில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த படங்கள்தான் அது எந்தக் கோயிலின் சிலை என்று காட்டிக் கொடுத்தன. முன்புறம், பின்புறம், பீடம், தேய்ந்த இடம், கீறல் என்று ஒவ்வொன்றையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக் கொள்ளுங்கள். அம்மாவின் நகைகளுக்கும் அப்படியே. சிலை நூறாண்டுக்கு மேற்பட்டதென்றால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். அப்பாவிடம் பழைய பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவரை கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். ஈரச் சுவரில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் துளை போடுவதும் உசிதமில்லை. முற்றத்துக் கம்பி வலையையும் கொல்லைக்கதவையும் மட்டும் இப்போதே முடித்துவிடுங்கள். தையில் வந்ததும், இருட்டிய பிறகு வாய்க்கால் கரையிலிருந்து உங்கள் வீட்டை நோக்கி ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே நின்றால் தெருவில் யாருக்கும் தெரியாதோ, அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு வந்து, மூன்றாவது கேமராவை அங்கே திருப்பச் சொல்லுங்கள்.